ராமேஸ்வரம் கிளம்பும் முன் காலண்டரைப் பாருங்கள்

கேள்வி: மே விடுமுறையில் பிள்ளைகளோடு ராமேஸ்வரம் போகிறோம். பாறைக் குழிகளில் தேங்கும் கடல்நீரில் நண்டு, மீன் காட்ட ஆசை. தீவில் தானாக வளரும் செடிகளையும் பார்க்க வேண்டும். எப்போது, எங்கே போகலாம்?
- வாசகி, திருநகர், மதுரை

பதில்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களாகப் பார்த்து டிக்கெட் போடுங்கள் அம்மா. அப்போதுதான் கடல் நன்றாக வற்றும். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. மற்ற நாளில் போனால் பாதிப் பாறை தண்ணீருக்குள்தான் கிடக்கும். வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முந்தின நாளே மீனவர்களிடம் கேட்டுவைத்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்குங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிட வேண்டும்.

மே மாதம் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அலை அதிகம். ஊர்க்காரர்கள் அதை ஆண் கடல் என்பார்கள். வடக்கே இருக்கும் பாக் விரிகுடாதான் பெண் கடல், அது அப்போது சாது. அதனால் ஓலைக்குடா பக்கம் போங்கள். மன்னார் வளைகுடாவின் 21 குட்டித் தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது.

நிறைய குழிகளைத் தேடி அலைய வேண்டாம். ஒன்றின் பக்கத்தில், நிழல் தண்ணீரில் விழாதபடி, பேசாமல் உட்காருங்கள். வெறும் சங்கு என்று நினைத்தது மெல்ல நகரும். உள்ளே துறவி நண்டு. நிழல் பட்டால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் கழித்து முதலில் கொடுக்கு எட்டிப்பார்க்கும். பிள்ளைகளுக்கு இது போதும், எழுந்து வர மாட்டார்கள். கல்லைப் புரட்டினால் அப்படியே திருப்பி வையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் முட்டைகள் வெயிலில் காய்ந்துவிடும். அழகான கூம்புச் சங்கைக் கையில் எடுக்க விடாதீர்கள், விஷ முள் உண்டு. ஒதுங்கிக் கிடக்கும் சொறியையும் (ஜெல்லி மீன்) தொட வேண்டாம். காலுக்குக் கெட்டியான செருப்பு அவசியம்.

செடிகளுக்குக் காலை நேரம் நல்லது. அடப்பங்கொடியின் ஊதாப் பூ அப்போதுதான் விரிந்திருக்கும். ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலை, பார்த்ததும் தெரிந்துவிடும். மணல்மேட்டில் ராவணன் மீசை என்ற புல் இருக்கும், அதன் இலைநுனி ஊசியாகக் குத்தும். மணலைப் பிடித்து வைத்திருப்பதே இவை இரண்டும்தான், தயவுசெய்து பிடுங்காதீர்கள். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவளத் துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை எதையும், செத்துக் கிடந்தாலும், எடுத்து வரக் கூடாது. வன உயிரினச் சட்டத்தில் வழக்காகிவிடும். பெயர் தெரியாத செடியை இலை, பூ, வளரும் இடம் மூன்றும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள், சொல்கிறேன்.