குட்டி நீர்மூழ்கியில் மோதல்: கேள்வி பதில்

கே: எதிரே வருவதைப் பார்த்துத் திருப்பிக்கொள்ள முடியாதா சார்?

ப: சென்னைக் கரையோரக் கலங்கலில் கண்ணை நம்பாதீர்கள். பார்வை எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் மட்டும் போங்கள். ஒலி எதிரொலியால் தடையைக் காட்டும் சோனாரில் பாறை தெரியும், நைலான் வலை சரியாகத் தெரியாது.

கே: எந்த நேரம் ரொம்ப ஆபத்து?

ப: மேலே வரும் நேரம். 2001 பிப்ரவரியில் ஹவாய் அருகே அமெரிக்காவின் கிரீன்வில் நீர்மூழ்கி பெரிஸ்கோப்பில் பார்த்துவிட்டுத்தான் எழும்பியது. அப்படியும் ஜப்பானின் எஹிமே மாரு கப்பலை இடித்து மூழ்கடித்தது. 9 பேர் இறந்தார்கள். பாரம் ஏற்றிய பெரிய கப்பலின் அடிப்பகுதி 15 மீட்டரும் அதற்கு மேலும் இறங்கியிருக்கும். எனவே 25 மீட்டரில் நில்லுங்கள். த்ரஸ்டரை (நீர்மூழ்கியைத் தள்ளும் மின்விசிறியை) அணைத்து, ஹைட்ரோஃபோன் என்ற நீரடி மைக்கில் கப்பல்களின் இன்ஜின் சத்தம் கேளுங்கள். இன்ஜினை நிறுத்தி மிதக்கும் ஃபைபர் படகு காதில் விழாது. அதற்காகத்தான் சொல்கிறேன், மேலே காவல் படகு இல்லாமல் இறங்காதீர்கள். அது "வரலாம்" என்ற பிறகே ஏறுங்கள்.

கே (காசிமேடு மீனவர்): நாங்க வலை விட்டிருக்கோம். நடுவுல வந்து நீங்க மாட்டுனா வலைக்கு யாருண்ணே பொறுப்பு?

ப: விலக வேண்டியது நீர்மூழ்கிதான். கடல் மோதல் தடுப்பு விதி 18-படி, மீன்பிடியில் இருக்கும் படகுக்கு இன்ஜினில் ஓடும் கலம் வழிவிட வேண்டும். தண்ணீருக்குள் இருப்பவரை உங்களால் பார்க்கவே முடியாது. பிறகு எப்படி விலகுவீர்கள்?

கே: அப்போ மீன்பிடித் தடைக்காலத்தில் பயமில்லையே?

ப: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுதான் நிற்கும். நாட்டுப்படகு போகும். அறுந்துபோய்க் கடலில் கிடக்கும் வலைக்குத் தடைக்காலம் கிடையாது.

கே (காசிமேடு): அறுந்த வலையால எங்களுக்கும்தான் நஷ்டம். எங்க கெடக்குன்னு எங்களைக் கேட்டாலே சொல்வோமே!

ப: நீர்மூழ்கியில் இறங்குபவர்கள் முந்தின நாளே இந்த மீனவர்களிடம் போய்க் கேளுங்கள். அப்படியும் வலையில் மாட்டினால் முதல் வேலை த்ரஸ்டரை அணைப்பது. சுழலச் சுழல வலை இறுகும். வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள். 2005-இல் கம்சாட்கா அருகே வலையிலும் கேபிளிலும் சிக்கிய ரஷ்யாவின் ஏஎஸ்-28 குட்டி நீர்மூழ்கியில் இருந்த 7 பேரும் பிழைத்தது, பிரிட்டிஷ் ஸ்கார்ப்பியோ ரோபோ வந்து அறுத்துவிட்டதால்.

கே: இடித்து ஓட்டை விழுந்தால்?

ப: 30 மீட்டரில் 1 சதுர சென்டிமீட்டர் ஓட்டை வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். 100 கிலோ அவசர எடையைக் கழற்றிவிட்டுக் கிடைக்கும் மிதப்பை அந்தத் தண்ணீர் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே தின்றுவிடும். உடைந்த குழாயின் வால்வை மூடுங்கள், எடையை விடுங்கள், மிதப்பு டேங்கில் காற்றை ஊதித் தண்ணீரை வெளியேற்றுங்கள். அந்த ஆழத்தில் 100 லிட்டர் டேங்கைக் காலிசெய்ய, மேற்பரப்பு அழுத்தக் கணக்கில் 400 லிட்டர் காற்று வேண்டும். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 10 லிட்டர் சிலிண்டர் நான்கு தடவைக்குத் தாங்கும். விருட்டென்று மேலே போவீர்கள். காவல் படகுக்கு முன்கூட்டியே குரல் கொடுங்கள்.

கே: மூடியைத் திறந்து நீந்திவிடலாமே?

ப: 60 சென்டிமீட்டர் மூடி மேல் 10 மீட்டரிலேயே கிட்டத்தட்ட 3 டன் அழுத்தும். உள்ளே தண்ணீரை நிரப்பி அழுத்தம் சமமானால்தான் திறக்கும். ஏறும்போது மூச்சை விட்டுக்கொண்டே போக வேண்டும். அடக்கினால் நுரையீரல் கிழியும்.

கே: ஜிபிஎஸ் வழி காட்டாதா?

ப: தண்ணீருக்குள் எடுக்காது. மறுபடியும் இதே பதில்தான்: மேலே படகு.

கே: உள்ளே மாட்டிக்கொண்டால் ஆக்ஸிஜன் எத்தனை மணி நேரம் வரும்?

ப: முதலில் நம் மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவைக் கேளுங்கள், ஆக்ஸிஜன் தீருமுன் அதுதான் ஆளைச் சாய்க்கும். 2 கன மீட்டர் அறையில் இருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு 2 சதவீதம் ஏறும். 1973-இல் ஜான்சன் சீ லிங்க் என்ற குட்டி நீர்மூழ்கி ஃபுளோரிடா அருகே சிக்கியபோது, அந்த வாயுவை உறிஞ்சும் பொருள் குளிரில் மந்தமாகி, பின் அறையில் இருந்த இருவர் இறந்தார்கள். கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் கூடுதலாக எடுங்கள். அதன் வழியே காற்றைச் செலுத்தும் விசிறிக்குத் தனி பேட்டரி வையுங்கள்.