வாசகர் கேள்வி–பதில்: பழைய புல்லட்டுக்கு எந்த அளவு கார்புரேட்டர்?

கேள்வி: என்னிடம் இருப்பது இரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட் 350. அதிலிருக்கும் மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது. ‘500 புல்லட்டின் விஎம்28-ஐப் போட்டுவிடலாம், பிக்கப் கூடும்’ என்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: எஞ்சினில் வேறு எதையும் மாற்றவில்லை என்றால் வேண்டாம். புதிய 24-ஐயே போடுங்கள்.

24, 28 என்பவை கார்புரேட்டரில் காற்று பாயும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். 4 மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் துளையின் பரப்பு 36 சதவீதம் கூடிவிடுகிறது. எஞ்சின் இழுக்கும் காற்று அதேதான் என்பதால், முழுத் திறப்பில் காற்றின் வேகம் கால் பங்குக்கு மேல் குறையும். ஜெட் எனும் நுண்துளையிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் விசை அந்த வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது ஏறக்குறைய பாதியாகிவிடும். டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கினால் காற்று உடனே பாயும், பெட்ரோல் பின்தங்கும். அதை ஈடுகட்ட விஎம் வகையில் ஆக்சிலேட்டர் பம்ப் கிடையாது. பிக்கப்புக்காகப் போட்ட கார்புரேட்டரே பிக்கப்பைக் கெடுக்கும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் கொள்ளளவை லிட்டரில் எடுத்து, அதிகபட்ச சக்தி கிடைக்கும் ஆர்பிஎம்மால் பெருக்கி, வர்க்கமூலம் காணுங்கள். 350-க்கு 0.346 × 5,625, வர்க்கமூலம் 44. விட்டம் 24-ஐ இதால் வகுத்தால் 0.54. 500-க்கு 0.499 × 5,400, வர்க்கமூலம் 52. 28-ஐ வகுத்தால் அங்கும் 0.54. ஒரே குடும்பத்து எஞ்சின்கள், ஒரே விகிதம். இதையே திருப்பிப் போட்டால், 350-இல் 28 சரியாகப் பொருந்த எஞ்சின் 7,600 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்ற வேண்டும். 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) உள்ள இந்த கிராங்கை அங்கே கொண்டுபோவது ஆபத்து. ரேஸ் ட்யூனிங்கில் 0.65-க்கு மேலும் போவார்கள். அவர்கள் கேம், வால்வு, போர்ட் எல்லாவற்றையும் மாற்றியிருப்பார்கள், குறைந்த வேகத்து இழுவையை விட்டுக்கொடுத்திருப்பார்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே 350-இல் 28 போட்டுவிட்டேன். சட்டென்று முறுக்கினால் அடங்கி, பிறகுதான் எழும்புகிறது. ஜெட் மாற்றினால் தீருமா?

பதில்: குறையும், முழுக்கத் தீராது. முதலில் கார்புரேட்டரைக் கழற்றி, எஞ்சினுக்குள் கலவை நுழையும் இன்லெட் போர்ட்டைப் பாருங்கள். 28 துளை சின்ன போர்ட்டில் முட்டி நிற்கிற இடத்தில் படி போல விளிம்பு இருந்தால், பெட்ரோல் அங்கே துளியாகத் தேங்கும். அது இருக்கும்வரை எந்த ஜெட்டும் சரியாக அமையாது. இணைப்பில் காற்று கசிகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு, முழுத் திறப்பில் பெட்ரோல் தரும் மெயின் ஜெட்டிலிருந்து தொடங்குங்கள். காலியான சாலையில் முழுத் திறப்பில் ஓடும்போது ஆக்சிலேட்டரைச் சற்றே குறையுங்கள். வண்டி வேகம் பிடித்தால் ஜெட் சிறியது, திக்கினால் பெரியது. அடுத்து, ஐடிலிங்குக்கான பைலட் ஜெட். எஞ்சின் சூடான பின், ஏர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகி ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, ஐடிலிங் மிக உயரும் இடத்தைத் தேடுங்கள். அந்த இடம் 1 சுற்றுக்குள் வந்தால் பைலட் ஜெட் சிறியது, 2½ சுற்றைத் தாண்டினால் பெரியது. ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் கலவை ரிச் (பெட்ரோல் மிகுதி) ஆகும் என்பதைப் பலர் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் சிக்கல் பெரும்பாலும் இதற்கு அடுத்த கட்டத்தில், ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடில் இருக்கிறது. ஸ்லைடின் அடிவிளிம்பு வெட்டின் எண் 3.0 என்றால் 2.5 போட்டுப் பாருங்கள். எண் குறைந்தால் கால் திறப்பு வரை கலவை ரிச் ஆகும். அதற்கு மேல், முக்கால் திறப்பு வரை, ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடிலைப் பிடிக்கும் கிளிப்பின் வேலை. கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் நீடில் உயர்ந்து ரிச் ஆகும். எங்கே வைத்தாலும் நடுத்திறப்பு ரிச்சாகவே இருந்தால், நீடில் இறங்கும் துளையான நீடில் ஜெட் தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கும். மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பெரிய கார்புரேட்டர் தேவையா?

பதில்: இல்லை. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை சற்று லீன் (பெட்ரோல் குறைவு) ஆகிறது. பிளக் வெளிறிப்போனால் மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டி, கிளிப்பை ஒரு பள்ளம் கீழே வையுங்கள். சில வாரங்கள் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் டேங்க் குழாயை மூடி, கார்புரேட்டரின் அடியிலுள்ள ஃப்ளோட் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் கிண்ணத்தை அரித்து, பைலட் ஜெட்டைத்தான் முதலில் அடைக்கும்.