ஏழிலிருந்து தொடரச் சொன்னால் பிள்ளை ஏன் ஒன்றுக்குத் திரும்புகிறது?

மட்டக்களப்பு, கல்லடியில் வசிக்கும் தாயார் ஒருவர், முன்பள்ளிக்குச் செல்லும் தம் மகள் இருபது வரை தடையின்றிச் சொன்னாலும், ஏழிலிருந்து தொடரச் சொன்னால் மீண்டும் ஒன்றிலிருந்தே தொடங்குவது ஏன் என்று கேட்டிருக்கிறார்.

இது குறைபாடு அன்று. அந்த வயதில் எண்வரிசை பாட்டைப் போல ஒரே சரமாகவே மனத்தில் இருக்கிறது. அதன் நடுவில் நுழைவதற்கு, ஒவ்வோர் எண்ணும் தனிச்சொல் என்பதும், "ஏழு" என்பது அதுவரை எண்ணிய அத்தனையையும் குறிக்கிறது என்பதும் விளங்க வேண்டும்.

ஏழு புளியங்கொட்டைகளை எண்ணச் செய்து சிரட்டையால் மூடுங்கள். (தவழும் குழந்தை உள்ள வீட்டில் குரும்பையும் ஓலைப்பெட்டியுமே பாதுகாப்பானவை.) பக்கத்தில் மூன்றை வைத்து, சிரட்டையைத் தொட்டு "ஏழு" என்று சொல்லிவிட்டு, எட்டு, ஒன்பது, பத்து எனத் தொடரச் செய்யுங்கள். பல பிள்ளைகள் வெளியிலுள்ள முதற்கொட்டையையே "ஏழு" என்று எண்ணி ஒன்பதில் நின்றுவிடுவார்கள். அப்போது திருத்தாமல், சிரட்டையைத் தூக்கி முழுவதையும் அவர்களே எண்ண விடுவதுதான் என் பார்வையில் சிறந்தது. பாம்பும் ஏணியும் ஆட்டத்தில், தான் நிற்கும் கட்டத்தையே ஒன்றென எண்ணுவதும் இதே பிழைதான்.

பெரிய எண்களில் தடுமாற்றம் பத்துகளின் எல்லையில் நிகழ்கிறது. இருபத்தொன்பதுக்குப் பின் "இருபத்துப்பத்து" என்பது பிள்ளையின் நியாயமான ஊகமே. எண்பத்தொன்பதுக்குப் பின்வரும் தொண்ணூறில் "நூறு" ஒலிப்பதால் குழப்பம் இன்னும் கூடும். ஆகவே ஒன்றிலிருந்து நூறு வரை ஒப்புவிக்கச் செய்வதை விட, 27 முதல் 32 வரை, 87 முதல் 92 வரை என எல்லையைக் கடக்கும் சிறு துண்டுகளையே, கல்லடிப் பாலத்தில் நடக்கையில் அடிக்கு ஓர் எண்ணாகச் சொல்லிப் பழக்கலாம்.