மிச்சிகோ நிஷிவாகி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹாங்காங் சண்டைப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் மிச்சிகோ நிஷிவாகியின் பெயரைப் பார்த்துவிட்டு ‘மை லக்கி ஸ்டார்ஸ்’ படத்தைத் தேடிப் பார்த்தேன். படம் முடியப்போகும் நேரத்தில் வருகிறார். கிமோனோவைக் கழற்றித் தசைகளை முறுக்கிக் காட்டுகிறார். சண்டை போட்டு, அடி வாங்கி விழுகிறார். ஜப்பானில் பாடிபில்டிங் சாம்பியனாக இருந்த பெண்ணை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டார்கள் என்று தோன்றியது. அப்புறம் அமெரிக்கா போய் மற்ற நடிகைகளுக்கு டூப் போட்டார் என்று படித்ததும் வருத்தமாகிவிட்டது. சாம்பியன், வில்லி, கடைசியில் முகம் தெரியாத டூப். இது இறங்குமுகம் இல்லையா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

கிமோனோக் காட்சியைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். அந்தக் காலத்தில் தசை வைத்த பெண் என்றாலே பார்ப்பவர்களுக்கு ஆச்சரியம். பெண்களுக்கான பாடிபில்டிங் போட்டியான மிஸ் ஒலிம்பியாவே 1980இல்தான் தொடங்கியது. ஐந்து வருடம் கழித்து வந்த இந்தப் படத்தில் இயக்குநர் சம்மோ ஹங் அந்த ஆச்சரியத்தைப் பயன்படுத்திக்கொண்டார். கதாநாயகி மென்மையாகத் தெரிய வேண்டும், எனவே தசையெல்லாம் வில்லிக்கு. இந்தக் கணக்கு எனக்கும் பிடிக்காது. நிஷிவாகிக்குக் கடைசிவரை பெரும்பாலும் வில்லி வேடங்களே வந்ததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் ‘அடி வாங்கி விழுகிறார்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே, அங்கேதான் எனக்கு உங்களோடு உடன்பாடு இல்லை.

அந்தச் சண்டையில் எதிரே நிற்பவர் சிபெல் ஹு. தைவானில் காதல் படங்களிலும் குடும்பப் படங்களிலும் நடித்துவிட்டு வந்தவர். அவர் விடும் குத்து நமக்கு வலிக்கிறது என்றால், அந்த வலியைக் காட்டுவது வாங்குகிறவரின் உடம்பு. குத்து முகத்துக்கு அருகே வரும் அதே நொடியில் தலை திரும்ப வேண்டும். கொஞ்சம் முன்னால் திரும்பினால் பொய் தெரிந்துவிடும், கொஞ்சம் தாமதித்தால் பல் போய்விடும். மார்பிலும் வயிற்றிலும் விழும் அடி பல நேரம் நிஜ அடிதான். பட்டது தெரியட்டும் என்று உடையில் பவுடர் தூவிவைப்பார்கள், அடி விழுந்ததும் புகை மாதிரி கிளம்பும். அப்புறம் விழ வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, பின்மண்டை தரையில் படாமல், முதுகு முழுவதும் பரவுகிற மாதிரி. டைரக்டருக்குத் திருப்தி வரவில்லை என்றால் எழுந்து மறுபடியும் விழ வேண்டும்.

நிஷிவாகி பாடிபில்டிங்கில் மட்டுமில்லை, அதிக எடையைத் தூக்கிக் காட்டும் பவர்லிஃப்டிங்கிலும் சாம்பியன். இதைப் பலர் கவனிப்பதில்லை. மேடையில் காட்டும் தசை வேறு, எடையைத் தோளில் சுமந்து உட்கார்ந்தெழும் ஸ்குவாட்டும், தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்டும் செய்து வந்த பலம் வேறு. பின்னது இடுப்பிலும் தொடையிலும் முதுகிலும் இருக்கிறது. ஒருவரைத் தூக்கி எறியவும், தான் எறியப்பட்டு விழவும் வேண்டியது அதுதான். கேமரா ஆசையோடு காட்டியது தோளையும் புஜத்தையும். வேலை செய்தது இடுப்பு.

1988இல் வந்த ‘இன் தி லைன் ஆஃப் டியூட்டி 3’ படத்தைப் பாருங்கள். நகைக் கொள்ளை அடிக்கும் தீவிரவாத ஜோடியில் ஒருவராக வருகிறார். இங்கே தசையைக் காட்டி யாரும் கைதட்டல் கேட்கவில்லை. காதலனுக்காக எதையும் செய்யும் ஒரு பெண், பழி வாங்கும் வெறி, கடைசியில் கதாநாயகி சிந்தியா கானோடு நீண்ட சண்டை. சிந்தியா கான் நடனத்திலிருந்து வந்தவர். அவருடைய கால் வீச்சு அழகு. அந்த அழகுக்கு எடை கொடுப்பவர் நிஷிவாகி. அவர் மோதித் தெறிக்கும்போதுதான் அந்த உதை உதையாகிறது. மூன்று வருடத்தில் இவ்வளவு கற்றுக்கொண்டிருக்கிறாரே என்று ஒவ்வொரு முறையும் எனக்கு மலைப்பாக இருக்கும்.

இப்போது டூப் விஷயம். அடுத்தவர் அடியை நிஜமாக்கிக் காட்டுவதையே தொழிலாகக் கற்ற ஒருவர் ஸ்டண்ட் கலைஞராவது இறக்கமா? கேமரா முகத்தை விட்டு நகர்ந்தது, அவ்வளவுதான். வேலை அதே வேலை. சொல்லப்போனால் இன்னும் கடினம். ஆண் டூப்புக்கு ஜீன்ஸுக்குள்ளும் கோட்டுக்குள்ளும் முட்டியில், முழங்கையில், இடுப்பில் பேட் கட்டிவிடலாம். நடிகை கையில்லாத குட்டைக் கவுனில் இருந்தால் டூப்பும் அதே கவுனில்தான் மாடிப்படியில் உருள வேண்டும். பேடை எங்கே ஒளிப்பது? இதைச் செய்யப் பெண்களே கிடைக்கமாட்டார்கள் என்று சொல்லி, ஆண்களுக்கு விக் வைத்துக் குதிக்கவிடும் வழக்கம் ஹாலிவுட்டில் நெடுங்காலம் இருந்தது. அந்தச் சாக்கைப் பொய்யாக்கியவர்கள் இவரைப் போன்ற பெண்கள்.

நீங்கள் வருத்தப்பட வேண்டிய இடம் வேறு. ஆஸ்கர் அகாடமி ஸ்டண்ட் வடிவமைப்புக்கு ஒரு விருது உண்டு என்று அறிவித்தது 2025இல்தான். அதுவும் 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து. மேக்கப்புக்கும் உடைக்கும் பல பத்தாண்டுகளாக விருது கொடுத்துவரும் இடம், எலும்பை முறித்துக்கொண்டு வேலை செய்தவர்களை இவ்வளவு காலம் கண்டுகொள்ளவில்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

அடுத்து ‘மேஜிக் காப்’ (1990) பாருங்கள். கதாநாயகன் லாம் சிங்-யிங்குக்கு எதிராக ஜப்பானிய மந்திரவாதியாக வருகிறார். வசனம் குறைவு, பார்வையும் நிற்கும் விதமுமே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. தசையை மூடிய பிறகும் பயமுறுத்த முடிந்திருக்கிறது. சண்டைக் காட்சிகளை இரண்டாம் முறை பார்க்கும்போது அடிப்பவரை விட்டுவிடுங்கள், அடி வாங்குபவரை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.