ஒரு வருடச் சேவைப் பணிக்காக வடசென்னைக்கு வருகிறேன். பாதுகாப்பான இடமா? புது ஊர் பழக என்ன செய்வது? என்னென்ன எடுத்து வர வேண்டும்?

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் 2018-ல் நானே இதைக் கேட்டவன். தென்சென்னையில் பதினைந்து வருடமாக இருக்கும் என் மாமாவிடம் கேட்டேன். "தண்டையார்பேட்டையா? ஏழு மணிக்கு மேல வெளிய தலை காட்டாத" என்றார். அவர் சென்ட்ரலைத் தாண்டி வடக்கே ஒருமுறைகூடப் போனதில்லை என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் என்னைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி, வழி தெரியாமல் மூலக்கடையில் இறங்கி நின்றபோது.

பாதுகாப்பு பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த ஒரு வருடத்தில் என் போன் ஒரு தடவை திருடு போனது, அது தி.நகரில். அதற்காக இங்கே ஒன்றுமே நடக்காது என்று சொல்ல மாட்டேன். குடித்துவிட்டு வந்து என் அறைக்குக் கீழேயே அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன், வீரமெல்லாம் காட்டவில்லை. நான் ஆண் என்பதால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீங்கள் பெண்ணாக இருந்தால் இங்கே வேலை பார்த்த பெண்கள் எழுதுவதையும் படித்துக்கொள்ளுங்கள். சினிமாவில் பார்த்ததை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

நீங்கள் தென்மாவட்டத்துக்காரர், வீட்டில் அம்மா பயப்படுகிறார் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். எனக்குத் தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒரு வருடப் பணியில் சேர்ந்தேன். மாதம் ஒன்பதாயிரம். ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கும் வாசிப்பும் சொல்லித்தர வேண்டும். கொருக்குப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவே ஒரு வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை, வாடகை மூவாயிரம். 2018 ஜூலையில் வந்தேன், 2019 ஜூன் கடைசியில் கிளம்பினேன்.

வந்ததும் நான் செய்த முதல் தப்பு அண்ணாச்சி கடை. தெருமுனை மளிகைக் கடைக்காரர் சுரண்டைக்காரர். பேச்சைக் கேட்டதுமே "எந்த ஊருடே?" என்றார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். தினமும் வகுப்பு முடிந்ததும் அவர் கடை அரிசி மூட்டைமேல்தான் உட்கார்ந்திருப்பேன். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா, இந்த வருடம் நெல் எப்படி, இதே பேச்சு. சனி ஞாயிறு வந்தால் வேளச்சேரியில் கல்லூரி நண்பர்கள் அறை. கையில் காசு மிஞ்சினால் எழும்பூரில் பொதிகை ரயில் ஏறி ஊர். இரண்டு மாதம் இப்படியே போனது. சென்னைக்கு வந்தும் நான் சுரண்டையில்தான் இருந்தேன். அண்ணாச்சி நல்லவர், கடனும் கொடுத்தார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஊர்க்காரர் கடை ஒன்று கண்ணில் பட்டால் சாமான் வாங்கிக்கொண்டு உடனே வந்துவிடுங்கள். உட்காராதீர்கள்.

இரண்டாவது தப்பைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. வகுப்பு மாலை ஐந்து மணிக்கு. பாதிப் பிள்ளைகள் ஐந்தே முக்காலுக்குத்தான் வருவார்கள். நான் வாசலில் நிற்கவைத்துத் திட்டுவேன். "சார், கேட்டு போட்டாங்க சார்" என்பார்கள். தினமும் அதே காரணமா என்று இன்னும் கோபம் வரும். செப்டம்பர் மாத அறிக்கையில் "மாணவர்களிடம் ஆர்வமின்மை, நேரம் தவறாமை குறித்துப் பெற்றோரிடம் விழிப்புணர்வு இல்லை" என்று எழுதி அனுப்பினேன். அழகான கையெழுத்தில்.

அடுத்த வாரம் ஒரு பையன் வீட்டைத் தேடிக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போனேன். திரும்பும்போது கேட் போட்டிருந்தது. ஒரு சரக்கு ரயில் போனது. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வந்து பாதி வழியில் நின்றது. ஆட்டோ, மீன்பாடி வண்டி, ஸ்கூல் வேன், ஒரு ஆம்புலன்ஸ், எல்லாம் நிற்கின்றன. முப்பத்தைந்து நிமிடம். எனக்கு முன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் கேட்டைக் கையால் காட்டினாள். அன்றைக்கு வகுப்புக்கு நானே ஐந்தரைக்குத்தான் போனேன்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் பக்கத்து ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ரயிலை முதலில் பார்த்த ஜனங்கள் ரயிலுக்காகவே நிற்கிறார்கள். (பாலம் வந்துவிட்டதா என்று பின்னூட்டத்தில் சண்டைக்கு வராதீர்கள், நான் இருந்த வருடத்தைத்தான் சொல்கிறேன்.)

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். அந்த இடத்தின் நேரம் என்னவென்று பாருங்கள். உங்கள் அலுவலகம் கொடுக்கும் கால அட்டவணை அங்கே செல்லாது. கேட் எப்போது போடுவார்கள், தண்ணீர் எப்போது வரும், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு எந்நேரம் ஆள் கிளம்பும், இவைதான் அட்டவணை. எனக்கு இதில் தண்ணீர்தான் வாத்தியார்.

அதற்கு முன்னால் காமாலை. அக்டோபரில் சோறு இறங்கவில்லை, எந்நேரமும் படுக்கலாம் போல இருந்தது. ஊர் ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன். கீழ் போர்ஷனில் இருந்த ஆயா ஒருநாள் காலையில் படியேறி வந்து, "நாஷ்டா துன்னியா?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, கண்ணு மஞ்சளா கீது?" என்றார். மகனைக் கூப்பிட்டு, "கஞ்சித்தொட்டிக்கு இட்டுனு போ" என்றார். எனக்குப் புரியவில்லை. ஏதோ கஞ்சி வாங்கித்தரச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. பழைய பஞ்சகாலத்தில் கஞ்சி ஊற்றிய இடமாம். அவர் மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அன்றைய சவாரியை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனை வரிசையில் எனக்காக நின்றார். மூன்று வாரம் ஊரில் போய்ப் படுத்தேன். திரும்பி வர வேண்டாம் என்று அம்மா அழுதார். உண்மையைச் சொன்னால் எனக்கும் வர மனமில்லை. ஆயாவின் மகனுக்குச் சவாரிக் காசு கொடுக்கவில்லையே என்ற உறுத்தல்தான் திரும்ப ரயிலேற்றியது. கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. டீ வாங்கிக்கொடு என்றார்.

அவர்கள் பேசுவதை இங்கே அப்படியே எழுதுவது கிண்டலுக்கு இல்லை. துட்டு டச்சுக்காரன் கொடுத்தது, நாஷ்டாவும் பேஜாரும் உருது வழி வந்தவை, நைனா தெலுங்கு. துறைமுகத்துப் பக்கம் இருப்பவர்கள் வாயில் நாலு தேசம் இருக்கத்தான் செய்யும். என்னுடைய "ஏல"வைக் கேட்டு வகுப்பே உருண்டு சிரித்தது, அது மட்டும் என்னவாம்.

சரி, தண்ணீர். காமாலைக்குப் பிறகு குடிக்கக் கேன் வாங்கினேன். மற்றதற்கெல்லாம் கீழே அடிபம்பு, விடியற்காலை வரும் மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர். 2019 பிப்ரவரி வாக்கில் பம்பு அடித்தால் காற்றுதான் வந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என ஏரிகள் ஒவ்வொன்றாக வற்றிக்கொண்டிருந்தன. தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியில் லாரி வந்து நிரப்பும், அங்கேபோய்ப் பிடிக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த வாளியுடன் முதல் நாள் போய் நின்றேன். வரிசை முழுக்கப் பெண்கள். "இன்னாபா, ஊட்ல பொம்பள ஆளு இல்லியா?" என்று சிரித்தார்கள். வாளியை வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். லாரி வந்து திரும்பிப் பார்த்தால் என் வாளி வரிசையிலேயே இல்லை, சாக்கடை ஓரம் கிடந்தது. சண்டைக்குப் போனேன். ஒரு அக்கா, மீன் விற்கிறவர், பொறுமையாகச் சொன்னார்: "பக்கெட்லாம் லைன்ல வெக்கக் கூடாது. கொடம்தான் ஆளு."

குடம்தான் ஆள். ஒரு குடம் வைத்துவிட்டுப் போனால் நீங்களே நிற்பதாக அர்த்தம். யாரும் நகர்த்த மாட்டார்கள். நகர்த்தினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். வாளி அப்படியில்லை, அது யாருடையது என்று எவருக்கும் தெரியாது. மறுநாள் ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினேன், பச்சை. வரிசையில் எட்டுப் பச்சை இருந்தது. அந்த அக்காவின் மகள் என் வகுப்பில் ஏழாவது படித்தாள். அவள்தான் நெயில் பாலிஷால் குடத்தின் கழுத்தில் "டீச்சர்" என்று எழுதினாள். 'ச்' இல்லாமல். நான் திருத்தவில்லை. ஒரு வாரத்தில், நான் இல்லாத நேரத்தில் யாரோ கை வைக்க, "ஏய், அது டீச்சர் கொடம், நவுத்தாத" என்று சத்தம் வந்ததை மாடியிலிருந்து கேட்டேன். அன்றைக்கு அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அம்மாவுக்கு என்ன பெருமை என்று புரியவில்லை.

லாரி ஐந்து மணி என்பார்கள். நாலரைக்கும் வரும், ஏழுக்கும் வரும். பிள்ளைகள்தான் குடத்துக்குக் காவல். அப்புறம் ஐந்து மணிக்கு வகுப்புக்கு எவன் வருவான்? அலுவலகத்தைக் கேட்காமலே ஏழரைக்கு மாற்றினேன். ஒருங்கிணைப்பாளர் வந்து விதிமுறை பேசினார். வருகைப் பதிவேட்டைக் காட்டினேன். பேசாமல் போய்விட்டார். ஒன்பது மணிக்கு வகுப்பு முடிந்ததும் தெருவிளக்கடியில் கேரம். எட்டாவது படிக்கிற ஒருவன் என்னை ஒருமுறைகூட அடிக்க விடாமல் வெள்ளைக் காய் எல்லாவற்றையும் போட்டு ஒயிட் ஸ்லாம் அடித்தான். கணக்கில் அவன் வாங்கியது பதினொன்று.

இன்னொன்று, இதில் நான் யோக்கியன் இல்லை. ஒன்பது மாதமாகப் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு அப்பாகூட வந்ததில்லை. ஏப்ரல் கடைசியில் வைத்த கூட்டத்துக்கு இருபது பேருக்கு மேல் வந்தார்கள். அலுவலகம் பாராட்டி எல்லோருக்கும் அனுப்பியது, நானும் பேசாமல் வாங்கிக்கொண்டேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டில் லாஞ்ச் எல்லாம் கட்டிக் கிடந்தது, அப்பாக்கள் வீட்டில் இருந்தார்கள். அவ்வளவுதான் என் சாதனை. அந்த இரண்டு மாதம் கையில் காசில்லாமல் பெரிய பையன்கள் சிலர் வேலைக்குப் போய்விட்டார்கள். அது பாராட்டுக் கடிதத்தில் இல்லை.

சேவை என்றதும் ஞாபகம் வருகிறது, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். முடித்ததும் வேலைக்குப் போன நேர்காணலில் எல்லாம் ஒரே கேள்வி: "ஒரு வருஷம் கேப் ஏன்?" கேப் இல்லை சார், கற்றுக்கொடுத்தேன் என்றால், "சம்பளம் எவ்வளவு?" என்பார்கள். ஒன்பதாயிரம் என்றதும் ஒருவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அதே ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படித்தேன் என்று சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார்கள். போதாததற்குச் சான்றிதழில் என் பெயரில் ஒரு எழுத்து தப்பு. திருத்தித் தரச் சொல்லி நான்கு மெயில் போட்டேன். இன்றுவரை வரவில்லை. நீங்கள் கிளம்புவதற்கு முன்பே சான்றிதழைக் கையில் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிடுங்கள்.

வடசென்னைக்காரர்கள் யாராவது "ஒரு வருஷம் இருந்துட்டு எங்களைப் பத்தி எழுதுறியா?" என்று கேட்டால், நியாயம்தான். கொடுங்கையூர் குப்பைமேட்டுக் காற்றும் ஆஸ்பெஸ்டாஸ் சூடும் எனக்கு ஒரு வருடம், உங்களுக்கு ஆயுசுக்கும். நான் கிளம்பிய அடுத்த மாதம், ஜூலை 12-ம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்ததை ஊரில் டிவியில் பார்த்தேன். மழை நனைந்த முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு. இப்போது வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடுகிறது, 2021-லிருந்து. போன வருடம் அதில் போய் ஆயாவைப் பார்த்துவிட்டு வந்தேன். "இளைச்சுட்ட" என்றார். நான் பத்து கிலோ கூடியிருக்கிறேன்.

கடைசியாக, எடுத்துவர வேண்டிய சாமான். கொசுவலை கட்டாயம். ஒரு போர்வை போதும். டார்ச், எவர்சில்வர் டிபன் பாக்ஸ், காய்ச்சிக் குடிக்க ஒரு பாத்திரம். வாடகை அட்வான்ஸ் கொடுத்தால் ஒரு தாளிலாவது எழுதி வாங்குங்கள். வாளி வேண்டாம். குடம் வந்து வாங்கிக்கொள்ளலாம், எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும். வாங்குவதற்கு முன்னால் ஒருநாள் வரிசையைப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே இல்லாத நிறமாக வாங்குங்கள்.