பக்கம் நிற்கிறதா, பிரவுசரே நிற்கிறதா?

அண்ணாச்சி, பத்து டேப் திறந்தாலே குரோம் உறைஞ்சு நிக்கி. நெட் ஸ்பீடு நல்லாத்தான் இருக்கு. லேப்டாப்புல 4 ஜிபி ராம். குரோமை அழிச்சுட்டு மறுபடி போட்டும் பார்த்தாச்சு. – பாளையங்கோட்டை வாசகர்

மறுபடி போடுவதால் இது தீராது. அடுத்த தடவை நிற்கும்போது மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டிப் பாருங்கள். மெனு விரிந்தால் கோளாறு நெட்டிலோ அந்தத் தளத்திலோ இருக்கிறது. மெனுவே விரியவில்லை என்றால் உங்கள் மெஷினில்தான்.

உங்களுக்கு இரண்டாவதாகத்தான் இருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் டாஸ்க் மேனேஜரில் மெமரி, அதாவது ராம், 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் 100-லேயே நிற்கிறதா? ராமில் இடம் போதாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது என்று அர்த்தம். சுழலும் டிஸ்க் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. நீங்கள் பார்க்கிற உறைவு அதுதான்.

இனி குரோமுக்குள் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் அதற்கென்றே ஒரு டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் தின்பது மேலே வந்துவிடும். அது எக்ஸ்டென்ஷன், அதாவது குரோமில் கூடுதலாகச் சேர்த்த சின்ன நிரல், என்றால் யோசிக்காமல் நீக்குங்கள். சந்தேகமாக இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் அழுத்தி இன்காக்னிட்டோ என்ற தனி ஜன்னலில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீங்களாக அனுமதி கொடுக்காதவரை எக்ஸ்டென்ஷன் அங்கே ஓடாது. செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் பகுதியில், பயன்படுத்தாத டேபின் மெமரியை விடுவிக்கும் மெமரி சேவரையும் ஆன் செய்யுங்கள்.

நிலையான தீர்வு, 8 ஜிபி ராமும், சுழலும் டிஸ்க்குக்குப் பதில் 256 ஜிபி எஸ்எஸ்டி என்ற சுழலாத வேக டிஸ்க்கும். கையில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் எஸ்எஸ்டியை முதலில் போடுங்கள். ராம் வாங்க ஜங்ஷன் பக்கம் போகும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர்3 வகை ராம் இடத்தில் டிடிஆர்4 வகை உட்காராது.

ஃபைபர் கனெக்ஷன். சில தளம் உடனே வருது, சிலது தலைப்போட நின்னு சுத்திக்கிட்டே இருக்கு. போன் டேட்டாவுல எல்லாம் திறக்கு. – ஆலங்குளம்

ரவுட்டரில் எம்டியு என்ற எண்ணைப் பாருங்கள். நெட்டில் தகவல் பாக்கெட் பாக்கெட்டாகப் போகும்; ஒரு பாக்கெட் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்பதுதான் அந்த எண். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ இணைப்பு ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. அதனால் 1500 போக முடியாது. 1492 இருக்க வேண்டும். 1500 என்று இருந்தால் சிறிய பாக்கெட் போய்விடும், பெரியது வழியில் விழுந்துவிடும். தலைப்பு வந்து உடம்பு வராமல் நிற்பது அதனால்தான். மாற்றிவிட்டு ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

மதியம் வீடியோ உள்ள பக்கம் திறந்தா மட்டும் நிக்கி, ஃபேன் கத்துது. காலையில சரியா இருக்கு. – வள்ளியூர்

சூடுதான். ஆனி, ஆடிக் காற்றில் உங்கள் பக்கம் பறக்கும் புழுதி, ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்குக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரிப் படிந்திருக்கும். சூடு வெளியேறாததால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை உருவி, முடிந்தால் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ஃபேன் சுழலாதபடி ஒரு ஈர்க்குச்சியால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். காற்றின் வேகத்தில் ஃபேன் கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

சுத்தம் செய்தபிறகும் வீடியோவில் மட்டும் நின்றால், செட்டிங்ஸ், சிஸ்டம் போய், வீடியோ வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்புக்குக் கொடுக்கும் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்து குரோமை மறுபடி திறந்து பாருங்கள். சரியாகிவிட்டால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு அதைத் திரும்ப ஆன் செய்துவிடுங்கள். அணைத்தே வைத்தால் வீடியோ சுமை முழுக்க பிராசசர் தலையில் விழும்.

ஜெராக்ஸ் கடை சிஸ்டம், விண்டோஸ் 7. கரண்டு போய் வந்தா எந்தப் பக்கமும் பாதுகாப்பில்லைன்னு சொல்லுது. – அம்பாசமுத்திரம்

கீழே தேதியைப் பாருங்கள், பழைய வருஷத்துக்குப் போயிருக்கும். தேதி தவறினால் தளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றித் தேதியைச் சரிசெய்தால் பக்கம் திறக்கும். ஆனால் விண்டோஸ் 7-க்கு குரோம் 2023-இல் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, புதிய பாதுகாப்புத் திருத்தம் வராது. ஊர்க்காரர்களின் ஆதார், வங்கி விவரம் எல்லாம் தட்டுகிற சிஸ்டத்தில் அதை வைத்து ஓட்டாதீர்கள்.

பணம் கட்டும்போது பக்கம் உறைஞ்சா ரீஃப்ரெஷ் செய்யலாமா? – தென்காசி

கூடாது. பேங்க் கணக்கில் பணம் போயிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அதன்பிறகு அந்த டேபை மூடுங்கள்.