‘டோரோரோ’வில் பேய்கள் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2019-இல் வெளிவந்த ‘டோரோரோ’ அனிமே தொடரை அண்மையில் பார்த்து முடித்தேன். பழைய ஜப்பானின் போரும் பஞ்சமும் அதில் நேர்த்தியாகக் காட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் இடையிடையே வரும் பேய்கள் அதைச் சிறுவர் கதையாக்கிவிடுகின்றன. அவற்றை எடுத்துவிட்டால் நல்ல சரித்திரக் கதை மிஞ்சியிருக்காதா?

இ.

அன்புள்ள இ.,

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதையின் முடிச்சைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சத்தாலும் நோயாலும் அழிந்துகொண்டிருக்கும் தன் நாட்டுக்காக டைகோ காகெமிட்சு என்னும் சாமுராய்ப் பிரபு பன்னிரண்டு பேய்களோடு உடன்படிக்கை செய்துகொள்கிறான். அதற்கு விலையாக அவை அவனுக்குப் பிறந்த தலைமகனின் தோல், கண், செவி, கைகால் என ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்கின்றன. ஆற்றில் விடப்பட்டு, மரக் கைகால்களோடு வளர்ந்த அந்தப் பிள்ளை ஹியாக்கிமாரு, பேய்களைத் தேடிக் கொன்று தன் உடலை மீட்கிறான்.

பேய்களை எடுத்துவிட்டால் இதில் மிஞ்சுவது, பெற்ற மகனைக் கைவிட்ட தகப்பனும் பழிவாங்க வரும் மகனும்தான். அப்படிப்பட்ட கதைகளுக்கு எந்த நாட்டிலும் பஞ்சமில்லை. பேய்கள் இருப்பதால்தான், ஹியாக்கிமாருவுக்கு ஓர் உறுப்பு திரும்பக் கிடைக்கும்போதெல்லாம் டைகோ நாட்டின் செழிப்பும் குறைகிறது. அவன் கேட்பது தன் உடலைத்தான், அதை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதன் பலனை இத்தனை ஆண்டுகளாக உண்டு வாழ்ந்தவர்கள் ஒன்றுமறியாத உழவர்கள். ஒசாமு தெசுகா 1967-இல் தொடங்கிய மூல மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், பேய்கள் 48. அங்கே காகெமிட்சு விரும்புவது அதிகாரத்தை மட்டுமே என்பதால் அவனை வெறுப்பது எளிது. புதிய தொடரிலும் அவனுக்குப் பேராசை உண்டு, ஆனால் அவன் நாடு உண்மையிலேயே செழித்திருக்கிறது. செய்த மாற்றங்களில் ஆகச் சிறந்தது இதுவே என்பேன்.

அந்தப் பஞ்சமும் மிகைப்படுத்தல் அல்ல. 1461-இல் கியோட்டோவில் பட்டினியால் மாண்டவர்களைக் கணக்கிட ஒரு துறவி 84,000 சிறு மரத்துண்டுகளைச் செய்து பிணத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனார் என்றும், முடிவில் 2,000 துண்டுகளே மிஞ்சின என்றும் அக்கால நாட்குறிப்பு ஒன்று சொல்கிறது. அதைக் கண்ட ஒருவன் எந்தப் பேயோடும் பேரம் பேசத் துணிந்திருப்பான்.

ஓர் உடலைக் கொடுத்து ஊரை நிலைநிறுத்துவது ஜப்பானியர்களின் பழங்கதைகளிலேயே இருக்கிறது. ஃபுகுய் மாவட்டத்து மருஓகா கோட்டையை 1576-இல் ஷிபாதா கட்சுடோயோ கட்டியபோது கற்சுவர் திரும்பத் திரும்பச் சரிந்ததாம். ஓஷிசு என்ற ஒற்றைக்கண் ஏழைத் தாய், தன் மகனைச் சாமுராய் ஆக்குவதாக வாக்குப் பெற்றுக்கொண்டு, தூணடியில் உயிரோடு புதைபட ஒப்புக்கொண்டாள். கோட்டை நின்றது, பிரபு வேறு நாட்டுக்கு மாற்றப்பட, வாக்கு காற்றோடு போயிற்று. அதன் பிறகு ஆண்டுதோறும் வசந்தகால மழையில் அகழி பெருகி வழிந்ததற்கு அவளுடைய ஆற்றாமையே காரணம் என்று ஊரார் சொன்னார்கள். தீர்க்கப்படாத கடனைக் கேட்டு வரும் இத்தகைய ஆவிகளின் வரிசையில் வைத்துத்தான் நான் ஹியாக்கிமாருவைப் பார்க்கிறேன். இவன் உயிரோடிருக்கிறான் என்பது மட்டுமே வேறுபாடு.

பேய்க்கதை என்பதால் மட்டுமே சாத்தியமான இன்னொன்றும் உண்டு. செவி திரும்பியதும் ஹியாக்கிமாரு முதன்முதலாகக் கேட்பது ஒரு பெண் தன் அண்ணனை இழந்து அழும் ஓலம். அடுத்த அத்தியாயத்தில் மழையும் பறவையும் மனிதக் குரலும் ஒருசேர மோத, தாங்கமாட்டாமல் சுருண்டுகொள்கிறான். மீட்பு என்பது வலியாக வந்து சேர்வதை எந்த வசனமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்காது.

நீங்கள் சொல்லும் சிறுபிள்ளைத்தனம் தொடரில் அறவே இல்லை என்று வாதாட மாட்டேன். நடுப்பகுதியில் சில அத்தியாயங்களில் பேய் வருகிறது, வெட்டுப்படுகிறது, அதோடு சரி. டைகோ நாட்டின் பக்கம் கதை திரும்புவதே இல்லை. அவற்றை நீங்கள் எடுத்துவிட்டால் நானும் வருந்த மாட்டேன்.